மோட்டார் காருக்குப் பெரிய சக்கரம் பொருத்தலாமா?

புதிய காரின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அவற்றினும் பெரிய கலப்புலோகச் சக்கரங்களை மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டு இளைஞரிடையே பரவி வருகின்றது. விரைந்து ஓடும் சிறு கார்களை உடையோர் இதில் பெரிதும் ஆர்வங் காட்டுகின்றனர். சக்கரம் பெரிதானால் வண்டி எடுப்பாகத் தோன்றும் என்பதும், சாலையை இன்னும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்பதும் அவர்களுடைய எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை அறியப் பள்ளியில் கற்பிக்கப்படும் கணிதமும் பௌதிகமுமே போதும்.

டயரின் மீதுள்ள குறியீடு

டயரின் பக்கச்சுவரில் '185/65 ஆர் 15 88 எச்' என்பது போன்ற ஒரு குறியீடு பதிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் காணப்படும் அளவு இது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் கூறப்படுவது. 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 'ஆர்' என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 15 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் அளக்கப்படுகின்றது. 88 என்னும் எண் ஒரு டயர் 560 கிலோகிராம் வரை சுமக்கவல்லது என்பதையும், 'எச்' என்னும் எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் அறிவிக்கும்.

இவற்றிலிருந்து சக்கரத்தின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 185இல் நூற்றுக்கு 65 பங்கு 120.25 மி.மீ.; மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர் இருப்பதால் 240.5 மி.மீ. பதினைந்து அங்குலம் 381 மி.மீ. ஆகவே முழு விட்டம் 621.5 மி.மீ. ஆகும்.

ரிம் பெரிதாயினும் முழு விட்டம் மாறலாகாது

ரிம்மைப் பெரிதாக்க விரும்புவோர் அந்த அளவுக்குப் பக்கச்சுவரின் உயரத்தைக் குறைத்தல் வேண்டும். 195/55 ஆர் 16 டயரின் முழு விட்டம் 620.9 மி.மீ.; பழைய அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. 205/45 ஆர் 17 எனில் 616.3 மி.மீ.; வேறுபாடு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. ஆனால் கடையில் கிடைத்தது என்பதற்காக 205/55 ஆர் 17 டயரை மாட்டினால் முழு விட்டம் 657.3 மி.மீ. ஆகிவிடும். இது பழைய அளவைவிட நூற்றுக்கு 5.8 பங்கு மிகுதி.

இச்சிறு வேறுபாட்டால் என்ன கேடு எனலாம். வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழல்கின்றது என்பதைக் கொண்டே வேகத்தைக் கணக்கிடுகின்றது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் செல்லும். ஆகவே, முன்பு சரியாகக் காட்டிவந்த வேகமானி 80 எனக் காட்டும்பொழுது வண்டி ஏறத்தாழ 84.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகுவதால், பிரேக் அழிக்கவேண்டிய ஆற்றல் நூற்றுக்கு 12 பங்கு கூடிவிடும். ஓட்டுபவருக்கோ இது தெரியாது. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்பது வாகனத் தயாரிப்பில் கடைப்பிடிக்கப்படும் விதி. தயாரிப்பாளர் அதற்கென விட்டுவைக்கும் சிறு இடைவெளியைப் பெரிய சக்கரம் விழுங்கிவிடக்கூடும்.

மேலும், சக்கரத்தின் ஆரம் ஒரு நெம்புகோலின் நீளத்தை ஒத்தது. ஆரம் கூடினால், அதே அளவு மிதித்தும் தரையில் கிடைக்கும் பிரேக் விசை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறையும். இயந்திரம் தரும் இழுவிசையும் அதே அளவு குறையும். விரைவை நாடிச் செய்த மாற்றம் வண்டியின் துடிப்பையே மட்டுப்படுத்துவது இதனால்தான்.

அகன்ற டயரும் சாலைப் பிடிப்பும்

ஆட்களோடு 1,200 கிலோகிராம் எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மீது சராசரி 300 கிலோகிராம் சுமை விழும். டயரில் உள்ள காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோகிராம் எனில், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டராகும். ஒரு தபால் அட்டையின் அளவு. அழுத்தமும் சுமையும் மாறாதிருக்க, அகன்ற டயரை மாட்டினாலும் இப்பரப்பு பெரிதும் கூடுவதில்லை. அதன் வடிவம் குறுக்கே அகன்று நீளவாட்டில் குறுகும். குட்டையான பக்கச்சுவர் வளைவுகளில் குறைவாக நெளிவதால், ஸ்டியரிங்கின் திருப்பத்துக்கு வண்டி உடனே இணங்கும். நல்ல சாலையில் இது உண்மையான நன்மையே. ஆனால் மழைநீர் தேங்கிய சாலையில் அகன்ற டயர் நீரைப் பிளந்து ஒதுக்குவது கடினமாவதால் நீரின் மேல் வழுக்கிச் செல்லும் அபாயம் மிகும்.

நம் சாலைகளின் குழிகளையும் மறத்தலாகாது. 185/65 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ. உயரம், 205/45 டயரினுடையது 92 மி.மீ. மட்டுமே. அதிர்ச்சியை ஏற்கும் காற்று மெத்தையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடுகின்றது. குழியில் இறங்கும் சக்கரத்தின் ரிம் வளையவோ வெடிக்கவோ கூடும். பக்கச்சுவரின் உள்ளிழைகள் அறுந்து வெளியே புடைப்பாகத் தோன்றும். அத்தகைய புடைப்பு கண்ட டயரை மேலும் ஓட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

அச்சில் பொருந்துதல்

போல்ட்டுகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், நடுத்துளையின் அளவும் வண்டிக்கு இயைந்தவையாக இருத்தல் வேண்டும். இவற்றோடு, சக்கரத்தின் நடுத்தளத்துக்கும் அது போல்ட்டில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம் முக்கியமானது. இது சக்கரத்தில் 'ஈ.டி. 45' என்பது போலப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆறு அங்குல அகலமும் ஈ.டி. 45-உம் உடைய சக்கரத்துக்குப் பதிலாக, ஏழு அங்குல அகலமும் ஈ.டி. 30-உம் உடையதைப் பொருத்துவதாகக் கொள்வோம். அகலத்தால் 12.7 மி.மீ., தூர வேறுபாட்டால் 15 மி.மீ., ஆக 27.7 மி.மீ. அளவுக்கு வெளி விளிம்பு புறத்தே நீண்டுவிடும். வண்டி நிற்கும்பொழுது தெரியாத இக்குறை, நால்வர் ஏறி மேட்டில் ஏறி இறங்குகையில் மட்கார்டில் டயர் உரசும்பொழுது வெளிப்படும். சக்கரப் பேரிங்குகளும் விரைவில் தேயும்.

சுமை எண்ணையும் சரிபார்த்தல் இன்றியமையாதது. 205/45 ஆர் 17 டயர்களுள் 84 என்னும் எண்ணுடையவை உண்டு. அவை ஒவ்வொன்றும் 500 கிலோகிராமே தாங்கும். நான்கு டயர்களும் சேர்ந்து 240 கிலோகிராம் தாங்குதிறனை இழக்கின்றன. பார்வைக்குப் பெரிய டயர் வலிமையிற் சிறியதாக இருத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது எனக் கூறுகின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 182-ஏ பிரிவு, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றது. ஆதலின், அதே மாடல் காரின் உயர்வகைகளுக்குத் தயாரிப்பாளரே அளித்துள்ள சக்கர அளவைத் தேர்ந்துகொள்வதும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதும் நல்வழியாகும். அவ்வளவு ஓட்டுநரின் கதவருகே ஒட்டப்பட்ட அட்டையிலோ கையேட்டிலோ காணப்படும்.

வகுப்பில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இதனைப் பள்ளி முற்றத்திலேயே விளக்கலாம். பெரியவர் சைக்கிள் ஒன்றையும் சிறுவர் சைக்கிள் ஒன்றையும் கொணர்ந்து, டயர்களில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, பத்துச் சுற்றுகள் உருட்டித் தூரத்தை அளக்கச் செய்க. சுற்றுகளை மட்டும் எண்ணுகிறவன் எவ்வளவு தூரம் ஏமாறக்கூடும் என்பதை மாணவர் தாமே காண்பர். பின்னர் பள்ளி வாயிலில் நிற்கும் காரின் டயர்க் குறியீட்டை எழுதிவந்து அதன் விட்டத்தைக் கணக்கிடுமாறு பணிக்கலாம். நாளை தம் வண்டிக்குச் சக்கரம் வாங்கப் போகும் இளைஞர் அவர்களே; கடைக்குப் போகுமுன் காகிதத்தில் ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இன்றே ஏற்படுமாயின், அது பல உயிர்களைக் காக்கும்.