ஷோரூம்ல சொன்னது 18, ரோட்டுல கிடைக்கிறது 11... புது காம்பாக்ட் எஸ்யூவியில் மைலேஜ் ஏன் இவ்வளவு குறைகிறது?

ஆசையாக புக் பண்ணி, மாதக்கணக்கில் காத்திருந்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்த கார். முதல் மாத பெட்ரோல் பில்லைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் அதிர்ச்சி. விளம்பரத்தில் லிட்டருக்கு 18 கி.மீ. என்று இருக்கிறது, டேஷ்போர்டு 11 என்று காட்டுகிறது. கம்பெனி ஏமாத்திட்டாங்களா, வண்டியில் கோளாறா, இல்லை ஓட்டுறவர் மேலதான் தப்பா?

இது சின்ன கணக்கு இல்லை. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 18 மைலேஜ் என்றால் சுமார் 56 லிட்டர் போதும். 11 என்றால் 91 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 3,500 ரூபாய், வருடத்துக்கு 42,000 ரூபாய் கூடுதல் செலவு. இஎம்ஐ போக இதுவும் சேர்ந்தால் பட்ஜெட் கண்டிப்பாக இடிக்கும்.

18 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

விளம்பரத்தில் மைலேஜுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருக்கும். 'நிர்ணயிக்கப்பட்ட சோதனைச் சூழலில்' என்று கீழே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். விஷயமே அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

புனேவில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்களில் இந்த எண் எடுக்கப்படுகிறது. கார் ரோட்டுக்கே வருவதில்லை. ஆய்வகத்துக்குள் உருளைகள் மேல் சக்கரங்களை நிறுத்தி, 'மாடிஃபைட் இந்தியன் டிரைவிங் சைக்கிள்' என்ற கால அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். மொத்தம் சுமார் 20 நிமிடம், தூரம் 11 கி.மீ.க்குள். அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான்.

அதில் நகர ஓட்டத்துக்கான பகுதியில் 0-விலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்வார்கள். சிக்னல் பச்சை ஆனதும் அண்ணா சாலையில் ஒருவர் இப்படி நகர்ந்தால் பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்! இதுவரை நடைமுறையில் இருந்த இந்தச் சோதனையில் ஏசியும் ஓடாது. வேகத்தடை, மேம்பால ஏற்றம், திடீர் பிரேக் எதுவும் கிடையாது.

அப்படியானால் இந்த எண் பொய்யா? பொய் இல்லை. எல்லா கார்களுக்கும் ஒரே தேர்வு வைப்பதால், இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். 'நம்ம கையில் இவ்வளவு கிடைக்கும்' என்று அதை எடுத்துக்கொண்டால்தான் ஏமாற்றம். ஐரோப்பாவிலும் இதே மாதிரியான பழைய சோதனை முறை மேல் நிறைய புகார் எழுந்தது. 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற, ரோட்டு நிலவரத்துக்குக் கொஞ்சம் நெருக்கமான முறைக்கு அங்கே மாறினார்கள்.

காம்பாக்ட் எஸ்யூவிக்கு மட்டும் ஏன் அடி அதிகம்?

இதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். நம் நாட்டில் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் இன்ஜின் 1,200 சிசி-க்குள் இருந்தால்தான் குறைந்த வரி. அதனால் உயரமான, ஒரு டன்னைத் தாண்டிய உடம்புக்குள் 1 லிட்டர் அல்லது 1.2 லிட்டர் இன்ஜினைத்தான் வைக்க முடிகிறது. அந்தக் குட்டி இன்ஜினுக்குத் தெம்பு கொடுக்கவே டர்போ.

டர்போவுக்கு இரண்டு முகம் உண்டு. மெதுவாக மிதித்தால் சின்ன இன்ஜின் போல சிக்கனமாக இருக்கும். ஓவர்டேக் செய்ய அழுத்தி மிதித்தால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும், அதற்கு ஏற்ப பெட்ரோலும் கூடுதலாகப் பாயும். அதிக சுமையில் இன்ஜின் சூடாகாமல் இருக்க, தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பெட்ரோல் தெளிக்கப்படுவதும் உண்டு. ஆய்வகத்தில் பெரும்பாலும் முதல் முகம்தான் தெரியும். வாங்கியவர் தினமும் பார்ப்பது இரண்டாவது முகம்.

அடுத்தது உருவம். எஸ்யூவியின் உயரம்தான் பலருக்கும் பிடித்த விஷயம், ஆனால் காற்று மோதும் பரப்பும் அதனால்தான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 80-லிருந்து 100 கி.மீ. வேகத்துக்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ சுமார் 56 சதவீதம் கூடிவிடும். மேலே கேரியரும் மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

நகரத்துக்குள் கதையே வேறு. அங்கே எதிரி எடையும் நிற்கும் நேரமும். ஒவ்வொரு முறை பிரேக் அடிக்கும்போதும், வண்டியை நகர்த்தச் செலவழித்த சக்தி வெறும் சூடாகப் போய்விடுகிறது. டிராஃபிக்கில் ஏசி போட்டு நின்றால் மைலேஜ் பூஜ்யம், பெட்ரோல் மட்டும் எரியும். தினமும் 3 கி.மீ. தூரத்தில் உள்ள ஸ்கூலுக்குப் போய் வருபவருக்கு இன்னொரு பிரச்சினை, இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும். ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்கள் ஊருக்குள் நல்ல மைலேஜ் தருவதற்குக் காரணம், பிரேக்கில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதுதான்.

எல்லாம் இ20 பெட்ரோலால்தானா?

இப்போது மைலேஜ் என்று பேச்செடுத்தாலே பலரும் கைகாட்டுவது எத்தனாலை. கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், சுத்தமான பெட்ரோலைவிட மொத்த ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் குறையும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18-ல் 7 சதவீதம் போனாலும் கிட்டத்தட்ட 17 மிஞ்ச வேண்டும். 11-க்கு இறங்குவதை எத்தனாலால் மட்டும் விளக்க முடியாது.

வண்டியில் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டேஷ்போர்டு எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது ஒரு மதிப்பீடுதான், சில மாடல்களில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். டேங்க்-ஃபுல் முறைதான் சரி. பங்கில் நாசில் தானாக கட் ஆகும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 300, 400 கி.மீ. ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி கட் ஆகும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இப்படி மூன்று முறையாவது எடுத்து, பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

இதை ஊருக்குள் ஒரு தடவை, ஹைவேயில் 80 கி.மீ. வேகத்தில் சீராக ஒரு தடவை செய்வதுதான் முக்கியம். ஊருக்குள் 11, ஹைவேயில் 17, 18 என்று வந்தால் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, டிராஃபிக்தான் தின்கிறது. ஹைவேயிலும் 12-ஐத் தாண்டவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். டயர் காற்று குறைவு, வீல் அலைன்மென்ட், பிரேக் பிடித்தபடியே ஓடுவது, கிளட்ச் வழுக்குவது, ஆக்சிஜன் சென்சார் பழுது, தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்பதால் இன்ஜின் சூடேறாமல் ஓடுவது என்று காரணங்கள் பல உண்டு. ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனலாக இருந்தால் அங்கே பிரேக் உரசலாம் (டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை பொசுங்கும்).

சர்வீஸ் சென்டரில் புகார் கொடுத்தால் 'மைலேஜ் டெஸ்ட்' எடுத்துக் காட்டுவார்கள். காலியான ரோட்டில், ஏசி இல்லாமல், 50, 60 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டினால் 18 வருவதில் ஆச்சரியம் இல்லை. நீங்களும் உடன் போங்கள். ஏசி போட்டு, நீங்கள் தினமும் போகும் ரூட்டில் எடுக்கச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் முடிவை எழுதி வாங்குங்கள்.

வழக்குப் போட முடியுமா?

முடியும், ஆனால் ஆதாரம் வேண்டும். ஒரு டீசல் காருக்கு 32 கி.மீ. மைலேஜ் என்று விளம்பரப்படுத்திய வழக்கில், ஆணையம் நியமித்த நிபுணரின் சோதனையில் சுமார் 20 கி.மீ.தான் வந்தது. கேரளாவின் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-ல் கார் உரிமையாளருக்கு சுமார் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது நிபுணரின் சோதனை. 'எனக்கு 11தான் தருது' என்ற வாய்வார்த்தை மட்டும் போதாது.

காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசிப் பார்க்கலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாடல் மாறியதும் வெப்சைட்டில் பழைய எண் இருக்காது.