கருவியும் கண்ணோட்டமும்

அயல்நாடு செல்வோர் ஆங்குக் காணும் புதுமைகளை எல்லாம் நிழற்படம் எடுத்து வர விரும்புவர். மலையும் மாடமும் அதனை மறுத்துரையா. மனிதரோ அத்தகையர் அல்லர். ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரம் இதற்கு நல்லதொரு சான்றாகும்.

அந்நகரின் கியோன் என்னும் பகுதியில் ஆடலும் இசையும் வல்ல கலைமகளிர் வாழ்கின்றனர். அக்கலைகளைப் பயிலும் இளம்பெண்கள் மைக்கோ எனவும், பயிற்சி நிரம்பியவர் கெய்க்கோ எனவும் பெயர் பெறுவர். வெண்பூச்சு அணிந்த முகமும், நீண்ட பட்டாடையும், அணி சூடிய கொண்டையும் உடையராய் அவர் மாலைப்பொழுதில் தேநீர் மனைகளை நோக்கி விரையும் காட்சி கண்ணைக் கவரும். பயணிகளுள் சிலர் அவரை வழிமறித்தனர்; பின்தொடர்ந்து ஓடினர்; ஆடையையும் பற்றி இழுத்தனர். கடமை மேற்செல்லும் கலைஞரைக் காட்சிப்பொருளாகக் கருதியதே இதற்குக் காரணம்.

அல்லலுற்ற அப்பகுதி மக்கள், தனியார்க்கு உரிய தெருக்களில் இசைவின்றிப் படம் எடுத்தலைத் தடுத்து, மீறுவோர் 10,000 யென் செலுத்த வேண்டும் என 2019ஆம் ஆண்டில் அறிவிப்புப் பலகை நாட்டினர். அதனாலும் தொல்லை ஒழியாமையின், 2024ஆம் ஆண்டில் அத்தகைய சந்துகள் சிலவற்றுள் பயணிகள் நுழைதலையே விலக்கினர். சிலர் செய்த குற்றத்தால், பண்புடைய பயணிக்கும் வழி அடைபட்டது.

அங்ஙனமாயின், வேற்று நாட்டு மக்களைப் படம் எடுத்தலே ஆகாதோ எனின், அன்று. முகமலர்ந்து வணங்கி, கருவியைக் காட்டிக் குறிப்பால் இசைவு வேண்டுக; மொழி அறியாதார்க்கும் இஃது இயலும். இசைந்தால் எடுக்க, முகம் திருப்பினால் விலகுக. நம் உடையும் நடையும் அவர்க்குப் புதுமையே அன்றோ? அவர் நம்மைச் சூழ்ந்து நின்று படம் எடுப்பின், நாம் எத்துணை நாணுவோம்!

நிழற்படக் கருவிக்குக் கண் உண்டு, கண்ணோட்டம் இல்லை. அதனை ஏந்துவோரே அவ்வருங்குணம் உடையராதல் வேண்டும்.