உலக ஒத்துழைப்புக்கு ஒரு மண்டகப்படி

தேசங்கள் யாவும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன என்பதை எத்தனை மேடைகளில் முழங்கினாலும் பாமர ஜனங்களின் உள்ளத்தில் அது ஏறுவதில்லையே என்று வருந்துவோர், அழகர்கோவிலைச் சூழ்ந்த பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி முதலிய ஊர்களில், கண்புரை நீங்கப்பெற்றுத் திண்ணையில் அமர்ந்து முறத்து அரிசியில் கல் பொறுக்கும் மூதாட்டியரைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். அவர்களுடைய கண்ணுக்குள் இருக்கும் சிறிய லென்ஸில் எத்தனை தேசத்தாரின் உழைப்பு அடங்கியிருக்கிறது!

இரண்டாம் உலக யுத்தத்தில், விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணில் தைத்துக் காயமுற்ற விமானிகளைக் கண்ட ஆங்கில மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, அச்சில்லுகளைக் கண் பொறுத்துக்கொண்டதைக் கவனித்து, அவ்வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை 1949-ல் லண்டனில் முதன்முதலாகப் பொருத்தினார். நம் ஏழைகளை அது எட்டுவதற்கு நெடுங்காலமாயிற்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பின்னரும், அயல்நாட்டு லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்றமையால், ஏழைகள் புரையை எடுத்துக்கொண்டு சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வீடு திரும்பினர். பெரியம்மை ஒழிப்பில் பாடுபட்டவர்களும் சேர்ந்து அமெரிக்காவில் நிறுவிய சேவா அமைப்பு முதலியவை துணைநிற்க, 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்னும் லென்ஸ் தொழிற்கூடம் தோன்றி, லென்ஸை ஏறத்தாழப் பத்து டாலருக்குக் கொடுக்கத் தொடங்கிற்று. மேலைநாட்டார் இட்ட தருமம் என்று இதனைக் கருதுவது தவறு. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இன்று மதுரையிலிருந்து லென்ஸ் செல்கிறது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவ ஊழியர்கள் இங்கு வந்து பயில்கிறார்கள்.

ஆயினும் பயன்பெற்றவர்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துச் சொல்வார் அரியர் என்பதே என் ஆதங்கம். அதைச் சொல்லும் வழியை மதுரைச் சித்திரைத் திருவிழாவே காட்டுகிறது. அதில் கள்ளழகர் தம் மலையிலிருந்து வைகைக்கு எழுந்தருளும் வழியெங்கும், அவரை இறக்கிவைத்து உபசரிக்கும் மண்டகப்படிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இது எங்கள் மண்டகப்படி என்று ஒவ்வொரு சமூகத்தாரும் உரிமை கொண்டாடுவதனாலன்றோ அவ்விழா இத்தனை ஜனங்களின் சொந்த விழாவாக நிலைபெற்றிருக்கிறது! தம் இஸ்லாமிய நாயகியான துலுக்க நாச்சியாரைக் காணவே அழகர் வண்டியூருக்குச் செல்கிறார் என்னும் வழக்கையும் மக்கள் மனமுவந்து போற்றுகின்றனர். தமக்கென ஒரு பங்கும் அதற்குரிய மரியாதையும் இருந்தால், அயலாரோடு சேர்ந்து காரியம் செய்ய நம் மக்கள் தயங்குவதில்லை. சர்வதேச ஸ்தாபனங்களோ தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டு ஆதரவை மட்டும் கேட்கின்றன.

புரையுள்ளவர்களைக் கண்டறிந்து அறுவைக்கு அழைத்துச்செல்ல ஊர்களில் நடத்தும் கண் முகாமிலோ, அந்தப் பங்கு முன்னமே இருக்கிறது. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுபவரும், துண்டுப் பிரசுரம் அச்சிட்டுத் தருபவரும், கிழவர்களைக் கைப்பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிடும் இளைஞரும் உள்ளூராரே. லண்டன் மருத்துவரோடும் மதுரைத் தொழிற்கூடத்தில் லென்ஸ் செய்யும் பெண்களோடும் தாமும் ஒரே பணியில் கைகொடுத்திருப்பதை, முகாம் நடக்கும் பள்ளியின் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு உலகப் படத்தை விரித்து வைத்துச் சொல்லட்டும். அப்பிள்ளைகள் அன்று மாலையே அதைத் தம் பாட்டிமாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.