தலைக்கட்டும் தலைக்கணக்கும்

கோவில் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது நம் கிராமங்களில் தலைக்கட்டு எண்ணுவார்கள். மணமான ஆண்மகன் ஒருவன் ஒரு தலைக்கட்டு ஆவானேயன்றி, அவன் வீட்டுப் பாட்டியும் தொட்டிற்குழந்தையும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அந்தப் பாட்டியையும் குழந்தையையும், பாலத்தடியில் படுத்துறங்கும் பரதேசியையும், ராஷ்டிரபதி பவனத்தில் வாழும் ஜனாதிபதியையும் ஆளுக்கு ஒன்று என்ற ஒரே பிரமாணத்தில் எண்ணுவது ஜனத்தொகைக் கணக்கு. இந்தியாவில் ஏககாலத்தில் எடுக்கப்பட்ட முதற் கணக்கு 1881-ஆம் ஆண்டினது; பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற அந்த நியதி, உலக யுத்தம் நடந்த 1941-இலும் தவறாமல், 2011 வரை நிலைத்து, பின்பு கொரோனாவினால் முறிந்தது.

இமை மூடித் திறப்பதற்குள் ஒரு வீட்டில் தொட்டிலும் வேறொரு வீட்டில் பாடையும் கட்டப்படுகிற இவ்வளவு பெரிய தேசத்தில், எந்தக் கணத்தின் ஜனத்தொகையை நாம் கேட்கிறோம் என்பதை முதலில் நிச்சயிக்க வேண்டும். 1931 வரை ஒரே இரவில் எண்ணிமுடிப்பது வழக்கமாயிருந்தது. 2011-இல், மார்ச் முதல் தேதி பிறக்கும் நள்ளிரவே அந்தக் கணம் என்று வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களான ஏறத்தாழ 27 லட்சம் பேர் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்று எழுதினார்கள்; வீடற்றோரைத் தேடிக் கடைசி நாள் இரவில் ரயில் நிலையங்களுக்கும் நடைபாதைகளுக்கும் போனார்கள்; மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் சுற்றிவந்து, இடையில் பிறந்தோரைச் சேர்த்து, இறந்தோரை நீக்கினார்கள். நள்ளிரவுக்குப் பத்து நிமிஷம் பிந்திப் பிறந்த குழந்தைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

கேள்விகளில் மிகச் சிரமமானது வயது. "அறுபது இருக்கும், நீங்களே போட்டுக்கோங்க சார்" என்னும் மூதாட்டியிடம், இன்ன புயல் அடித்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா, இன்ன பஞ்சத்தில் எத்தனை பிள்ளைகள் என்று வட்டாரத்துச் சம்பவங்களைக் கொண்டு விசாரித்தே ஆசிரியர் ஒரு வயதை வருவிக்கிறார். அப்படியும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் எண்களில் ஜனங்கள் குவிந்துவிடுவதால், நிபுணர்கள் அந்தக் குவியலைக் கணித முறையால் பரப்பிச் சமன்செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பிரயாசையும் வெறுங் கூட்டுத்தொகைக்காக அன்று. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்தியாவின் ஜனத்தொகை 25.2 கோடியிலிருந்து 25.1 கோடியாகக் குறைந்தது; 1918-இல் வந்த விஷக்காய்ச்சல் எத்தகைய கோரம் என்பதை இந்தச் சிறு சரிவைப்போல் எந்தப் புலம்பலும் சொல்லிவிடவில்லை. அதைவிடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. 2001-இல் ஆயிரம் ஆண்களுக்கு 933 என்றிருந்த பெண்களின் தொகை 2011-இல் 943 ஆக உயர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்கள், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 927 என்றிருந்த பெண் குழந்தைகள் 919 ஆகக் குறைந்திருக்கக் கண்டார்கள். கருவிலேயே பெண்ணை அழித்தோம் என்று எந்த வீட்டாரும் எழுதிக்கொடுக்கவில்லை. வீடுகளையெல்லாம் கூட்டியபோது அது தானே வெளிப்பட்டது.

தனி வீட்டின் விஷயமோ ரகசியம். 1948-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குச் சட்டப்படி ஒருவர் தந்த விவரத்தைப் பிறர் பார்வையிட உரிமையில்லை. அச்சட்டத்தின் கீழேயே எழும் வழக்கைத் தவிர, வேறெந்த வழக்கிலும் அது சாட்சியமாகாது. இன்னொரு நேர்மையும் கணக்கெடுக்கும் ஸ்தாபனத்துக்கு உண்டு: கணக்கு முடிந்தபின் சில பகுதிகளைத் தனியே மறுபடி எண்ணி, தன் பிழையைத் தானே வெளியிடுகிறது. 2011-இல் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டுப் போயினர்.

அடுத்த கணக்குக்கு, பனி மூடும் பிரதேசங்கள் நீங்கலாக, 2027 மார்ச் முதல் தேதியை அரசு குறித்திருக்கிறது. ஆசிரியர் உங்கள் வாசலுக்கு வரும்போது, அவரை உட்காரவைத்து, பாட்டியின் வயதைச் சற்று யோசித்துச் சொல்லுங்கள்.