தமிழ்நாடு என்னும் பெயர்

சிலப்பதிகாரத்திலேயே காணப்படும் "தமிழ்நாடு" என்னும் பெயர், சர்க்கார் ஏடுகளில் ராஜ்யத்தின் பெயராக ஏறியது 1969-ம் வருஷத்தில்தான். இவ்வளவு தாமதம் ஏன் நேர்ந்தது என்று சற்று விசாரிப்போம்.

முதலில் "நாடு" என்ற சொல். இன்று தேசம் முழுவதையும் நாடு என்கிறோம். சோழர் காலத்துச் சாஸனங்களிலோ, சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதிக்கே அப்பெயர். அதன் பொதுக் காரியங்களைக் கவனித்த சபையார் "நாட்டார்" எனப்பட்டனர். நாடுகள் பல சேர்ந்தது வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். காட்டுக்கு எதிர்ப்பதமாகவும் இச்சொல் வழங்கும். உழுது பயிரிட்டு மக்கள் குடியேறிய நிலமே நாடு. எனவே தமிழ்நாடு என்பதற்குத் தமிழ் மக்கள் பண்படுத்திய நிலம் என்றும் பொருள் கொள்ளலாம். வித்வான்கள் முறுவலிக்கக்கூடும், நமக்கு இப்பொருள் பிடித்திருக்கிறது.

பழைய சென்னை ராஜதானியில் தெலுங்கர், மலையாளிகள், கன்னடியர் எல்லோரும் சேர்ந்திருந்தனர். அதற்குத் தலைநகரின் பெயர் வழங்கியதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் 1920-ல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், மொழிவாரியாக மாகாணக் கமிட்டிகளை வகுத்தது. அவ்வகையில் "தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி" தோன்றி, பெயர் வீட்டுக்கு வீடு பழகிவிட்டது.

1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி மலையாளக் கரையும் தென் கன்னடமும் விலகின. பெரும்பாலும் தமிழ் வழங்கும் பகுதியே எஞ்சியது. அப்போதும் ராஜ்யத்தின் பெயர் மாறவில்லை! கட்சிக்குச் சூட்டிய பெயரை ராஜ்யத்துக்குச் சூட்ட அக்கட்சியின் சர்க்கார் தயங்கியது நமக்கு இன்றும் விளங்கவில்லை.

அந்த வருஷம் ஜூலை 27-ந் தேதி, விருதுநகரில் சங்கரலிங்கனார் என்ற முதியவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் காந்தியடிகளின் வழியைப் பின்பற்றியவர். அவருடைய 12 கோரிக்கைகளுள் பெயர் மாற்றமும் ஒன்று. தலைவர்கள் பலர் வேண்டியும் அவர் விரதத்தைக் கைவிடவில்லை. 70 நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து, அக்டோபரில் உயிர் நீத்தார். புதிய எல்லைகளோடு ராஜ்யம் அமைவதற்குச் சில வாரங்களே இருந்தன.

1967 ஜூலை 18-ந் தேதி, அண்ணாதுரை முதல் மந்திரியாக இருக்கையில், சட்டசபை பெயர் மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பின்னர் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் திருநாளன்று, பெயர் அமலுக்கு வந்தது. பிப்ரவரி 3-ந் தேதி அண்ணாதுரை காலமானார். தாம் முன்னின்று சூட்டிய பெயருடைய ராஜ்யத்தில் அவர் வாழ்ந்தது 20 நாட்களே.