முதல் ஏழு வருஷம்

(பிளஸ் டூவுக்குப் பிறகு – பகுதி 9)

காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில் வருகிறது: “சி.ஏ. படிக்கலாமா, லா படிக்கலாமா, எதில் சம்பாத்தியம் அதிகம்?” பதில் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பெரிய கம்பெனியில் கணக்குத் துறைத் தலைவராக இருக்கும் உறவினர் ஒருவரைக் காட்டுவார்கள். உயர் நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வக்கீல் ஒருவரைக் காட்டுவார்கள். காட்டப்படுபவர்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேட்கிற பிள்ளைக்குப் பதினேழு. நடுவில் கிடக்கும் காலத்தில் முதல் ஆறேழு வருஷம்தான் ஆளைச் சோதிக்கிறது, அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழுவதில்லை. இந்த வாரம் அதை மட்டும் பார்க்கலாம்.

முதலில் சி.ஏ. மூன்று படிகள்: ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல். பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம். நான்கு தாள்கள். 2024 ஜூனில் எழுதியவர்களில் தேறியவர்கள் சுமார் 15 சதவீதம்தான். பள்ளியில் 95 சதவீதம் வாங்கிய பிள்ளை முதல்முறையாகத் தோற்றுப் பார்க்கும் இடம் பல வீடுகளில் இதுதான். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஒரு தாளில் 80 வாங்கி இன்னொன்றில் 38 வாங்கினால் கதை முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. (இன்டரிலும் ஃபைனலிலும் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு.) பி.காம். முடித்து 55 சதவீதம் வைத்திருப்பவர்கள் ஃபவுண்டேஷன் எழுதாமலே இன்டரில் சேரலாம். அவசரமில்லாத பிள்ளைகளுக்கு இந்த வழி நல்லது. கையில் ஒரு பட்டம் இருக்கும்.

இன்டரின் இரண்டு குரூப்பையும் முடித்த பிறகு ஆர்ட்டிகிள்ஷிப். ஒரு ஆடிட்டரிடம் பயிற்சியில் சேர வேண்டும். முன்பு மூன்று வருஷம், 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். இந்த இரண்டு வருஷம் எப்படிப் போகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சி.ஏ.வில் சேரக் கூடாது. மாதத்தில் பதினொன்றாம் தேதியும் இருபதாம் தேதியும் ஜி.எஸ்.டி. கணக்குக்குக் கெடு. ஏப்ரல் வந்தால் வங்கிக் கிளைகளின் தணிக்கை. உங்களை ஊர் பேர் தெரியாத ஒரு கிளைக்கு அனுப்புவார்கள், லாட்ஜில் தங்கி நகைக்கடன் பதிவேட்டையும் பயிர்க்கடன் கோப்பையும் புரட்ட வேண்டும். ஜூலையில் வருமானவரிக் கணக்கு, செப்டம்பரில் வரித் தணிக்கை. பண்டிகைக்கு ஊருக்குப் போவது அந்தந்தக் கெடுவைப் பொறுத்தது. கையில் வரும் உதவித்தொகை சென்னையில் விடுதிக் கட்டணத்துக்கே பல பேருக்குப் போதாது. ஆனால் ஒரு மளிகைக் கடையிலிருந்து நூற்பாலை வரை பணம் எப்படி உள்ளே வந்து எப்படி வெளியே போகிறது என்பதை இருபது வயதில் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தப் படிப்பிலும் இல்லை.

எங்கும் தடுக்கி விழாமல் போனால் மூன்றரை, நான்கு வருஷத்தில் ஃபைனல் வரை வந்துவிடலாம். அப்படிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். வீட்டில் கணக்குப் போடும்போது இரண்டு வருஷத்தைக் கூட்டியே போடுங்கள். கூடவே தொலைநிலையிலோ மாலைக் கல்லூரியிலோ பி.காம். முடிப்பது வழக்கம், அதை விட்டுவிடக் கூடாது. ஃபைனல் கைகொடுக்காமல் போனாலும் பட்டமும் இரண்டு வருஷ அனுபவமும் மிஞ்சும். தனியார் நிறுவனங்களில் ‘சி.ஏ. இன்டர்’ என்பதே ஒரு தகுதியாக மதிக்கப்படுகிறது.

சட்டம் வேறு மாதிரி. அங்கே உள்ளே நுழைவது சுலபம், நுழைந்த பிறகுதான் கஷ்டம். தமிழ்நாட்டில் அரசுச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்டணமும் குறைவு. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ‘கிளாட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் பல மடங்கு. ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு சிக்கல் உண்டு: மூன்றாம் வருஷத்தில் பிடிக்காமல் போனால் பி.ஏ. பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேற இந்திய பார் கவுன்சில் விதி இடம் தராது. சட்டம்தான் வேண்டும் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் பி.காம். முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேருவதே புத்திசாலித்தனம். ஒரு வருஷம் கூடுதல், அவ்வளவுதான்.

சென்னைச் சட்டக் கல்லூரி பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்த காலத்தில், வகுப்பு முடிந்ததும் எதிரே போய் வாதங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. 2018-ல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள். கட்டடம் புதிது, இடமும் தாராளம். கோர்ட்டுதான் தூரமாகிவிட்டது. மாணவர்களுக்கு இது இழப்பு என்றே நினைக்கிறேன்.

படித்து முடித்து, பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதியாயிற்று. இனி ஒரு சீனியரிடம் சேர வேண்டும். காலையில் கேஸ் கட்டுகளை எடுத்து வைப்பது, கோர்ட்டில் வாய்தா வாங்குவது, தாக்கல் செய்த மனு பிழை என்று திரும்பி வந்தால் சரி செய்து மறுபடி போடுவது, மாலையில் அலுவலகத்தில் கட்சிக்காரர் சொல்வதைக் குறிப்பெடுப்பது. இரண்டு மூன்று வருஷம் இப்படித்தான். பஸ் செலவுக்கு மட்டும் கொடுக்கும் சீனியர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சுற்றறிக்கை வந்தது. பணம் வருகிறதா என்பதை உங்கள் ஊர் ஜூனியர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதே வருஷம் உச்ச நீதிமன்றம், வக்கீலாகப் பதிவு செய்ய பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றது. நீதிபதியாகும் கனவு இருப்பவர்களுக்கு 2025 மே மாதம் இன்னொரு தீர்ப்பு: கீழ் நீதிமன்ற சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து நேரே நீதிபதி நாற்காலிக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது.

இரண்டு தொழிலுக்கும் பொதுவான ஒரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. ஆடிட்டரும் வக்கீலும் தங்கள் தொழிலை மற்ற வியாபாரங்களைப் போல இஷ்டத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. அப்படியானால் முதல் கட்சிக்காரர் எப்படி வருவார்? தெரிந்தவர் மூலம். அப்பாவோ சித்தப்பாவோ அதே தொழிலில் இருந்தால் வாசலில் ஆள் நிற்கும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த வாசலே கிடையாது. இந்த இடத்தில் சி.ஏ.வுக்கு ஒரு மதிப்பெண் கூட: சொந்த அலுவலகம் போடாமலே கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு உட்காரலாம். வக்கீல் முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்த்தால் கோர்ட்டில் வாதாட முடியாது. வீட்டில் மாதச் சம்பளம் அவசரம் என்றால் நான் சி.ஏ. பக்கம்தான் சாய்வேன். ஐந்தாறு வருஷம் தாங்கக்கூடிய வீடு, எழுந்து நின்று பேச ஆசைப்படும் பிள்ளை என்றால் சட்டம். குடும்பப் பின்னணி இல்லாதவர் ஆடிட்டராக முடியாது என்று பயமுறுத்துபவர்களுக்குச் சென்னையின் ஆர். சிவபோகத்தின் பெயரைச் சொல்லலாம். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்து, 1933-ல் தேர்ச்சி பெற்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆனவர்.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு இருக்கும் மற்ற படிப்புகளான சி.எம்.ஏ., கம்பெனி செக்ரட்டரி இரண்டையும் ‘சி.ஏ. கிடைக்காதவர்களுக்கு’ என்று ஒதுக்க வேண்டாம். தொழிற்சாலையில் ஒரு பொருளின் அடக்கவிலையை அலச ஆசைப்படுபவருக்கு சி.எம்.ஏ. பொருத்தம். பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்கள் முழுநேர கம்பெனி செக்ரட்டரியை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இனி செய்ய வேண்டியது. ஜெயித்துவிட்டவர்களிடம் போகாதீர்கள். ஆர்ட்டிகிள்ஷிப்பில் இரண்டாம் வருஷம் இருக்கும் அண்ணனையோ அக்காவையோ பிடித்து, போன செவ்வாய்க்கிழமை காலை முதல் இரவு வரை என்ன வேலை செய்தார், மாதம் எவ்வளவு வருகிறது, வீட்டிலிருந்து எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். ஜூனியர் வக்கீலிடமும் இதையே கேளுங்கள். உங்கள் தாலுகா தலைநகரில் பெரும்பாலும் முன்சீப் கோர்ட்டு இருக்கும். பொதுவாக யார் வேண்டுமானாலும் உள்ளே போய் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், போனை மட்டும் அணைத்துவிடுங்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஏப்ரலிலேயே போய்விடுங்கள்.