லாங் ரைடு கிளம்புறீங்களா? பைக்கோட பிரேக் பேட் மாத்துறதுக்கு முன்னாடி இதை படிங்க!

பின்சீட்டில் ஒருவர், இரண்டு பக்கமும் நிறைய சாமான்களோடு பேக். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பாதி மலையில் பிரேக்கை எப்போதும் போல அழுத்துறீங்க. ஆனா பைக் எப்போதும் போல நிக்கல. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் காட்டாத அதே பிரேக்தான்!

மலையில் மட்டும் ஏன் இப்படி? டூரிங் போற பைக்குக்கு எந்த பிரேக் பேட் சரியா இருக்கும்? கடையில் என்ன கேட்டு வாங்கணும்? விரிவாக பார்க்கலாம்.

சூடுதான் பிரச்னை

பிரேக்கோட வேலை ரொம்ப சிம்பிள். பைக்கின் வேகத்தை சூடாக மாற்றுவதுதான் அது. வேகம் 40-லிருந்து 80 கிலோமீட்டராக, அதாவது இரண்டு மடங்காக உயர்ந்தால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். எடை கூடினால் அதற்கேற்ப இதுவும் கூடும்.

200 கிலோ பைக்கில் 75 கிலோ ஆள் தனியாகப் போனால் மொத்தம் 275 கிலோ. பின்னால் 60 கிலோவில் ஒருவரும், 25 கிலோ சாமானும் சேர்ந்தால் 360 கிலோ. அதே பேட், அதே டிஸ்க்தான் இவ்வளவையும் நிறுத்தணும்.

சமவெளியில் ஒருமுறை பிரேக் பிடித்தால் அடுத்த முறைக்குள் டிஸ்க் காற்றில் ஆறிவிடும். மலை இறக்கத்தில் அந்த இடைவெளியே கிடைக்காது. கொல்லிமலைப் பாதையில் மட்டும் 70 வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடித்தால் சூடு மேலே மேலே சேரும். ஒரு கட்டத்தில் பேட் பிடிப்பை இழக்க ஆரம்பிக்கும். இதைத்தான் 'பிரேக் ஃபேட்' என்கிறார்கள்.

பேட்டில் எத்தனை வகை?

*ஆர்கானிக் பேட்:* நார்களையும் பிற பொருட்களையும் பிசின் கொண்டு ஒட்டித் தயாரிக்கப்படுவது. சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, பிரேக் மென்மையாகப் பிடிக்கும். ஆனா சீக்கிரம் தேயும். அதிக சூட்டிலும், மழையில் நனைந்தாலும் பிடிப்பு குறையும்.

*சின்டர்டு பேட்:* செம்பு உள்ளிட்ட உலோகத் தூள்களை அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுக்கி உருவாக்கப்படுவது. சூடு, மழை, சேறு எதையும் நன்றாகவே தாங்கும். ஆயுளும் அதிகம். குறை என்னன்னா, டிஸ்க்கை கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும், சில நேரம் சத்தமும் வரும்.

*செமி மெட்டாலிக்:* இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வகை. விலை, ஆயுள், பிடிப்பு எல்லாமே நடுத்தரம்.

*ரேஸ் பேட்:* டூரிங் பைக்குக்கு இது வேண்டவே வேண்டாம். பந்தயத் தடத்தின் சூட்டுக்காகத் தயாரானது என்பதால், நல்லா சூடேறிய பிறகுதான் முழுசா பிடிக்கும். ஊட்டி குளிரில் காலையில் பைக்கை எடுத்ததும், முதல் வளைவில் உங்களுக்குத் தேவைப்படுவது அது இல்லை.

அப்போ எதை வாங்கணும்?

டூரிங்குக்கு 'ரொம்ப பவரான' பேட் தேவையில்லை. குளிர், சூடு, மழை, முழு பாரம் என எல்லா நிலையிலும் ஒரே மாதிரி பிடிக்கும் பேட்தான் தேவை. அதனால் பாரத்தோடு மலைப்பகுதிக்கு அடிக்கடி போறவங்களுக்கு முன் சக்கரத்தில் சின்டர்டு நல்ல தேர்வு. பிரேக்கோட பெரும்பங்கு வேலையைச் செய்வது முன் சக்கரம்தான்.

தினமும் ஆபீஸ், எப்போதாவது இ.சி.ஆர். ரைடு என்றால், கம்பெனி கொடுத்த அதே வகை பேட்டே போதும்.

ஒரு எச்சரிக்கை: எல்லா டிஸ்க்கும் சின்டர்டு பேடுக்கு ஏற்றதல்ல. உங்க பைக் ஷோரூமிலிருந்து ஆர்கானிக் பேடோடு வந்திருந்தால், டிஸ்க் சின்டர்டை தாங்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகே மாற்றுங்கள். இல்லைன்னா பேட் நல்லாத்தான் இருக்கும், டிஸ்க் போயிடும்!

பேட் மேல இருக்கும் அந்த இரண்டு எழுத்து

பல பேட்களில் 'ஜி.ஜி', 'எச்.எச்' என இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது எழுத்து அதிக சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்கிறது. 'ஜி' என்றால் உராய்வு அளவு 0.45 முதல் 0.55 வரை. 'எச்' என்றால் அதற்கும் மேல்.

இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால், சூடானாலும் பிடிப்பு பெரிதாக மாறாது என்று அர்த்தம். முதல் எழுத்தைவிட இரண்டாவது குறைவாக இருந்தால், சூட்டில் பிடிப்பு குறையும். ஆனால் பேட் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும், தரம் எப்படி என்பதையெல்லாம் இந்த எழுத்துகள் சொல்லாது.

பேட் மட்டும் மாற்றினால் போதுமா?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். மலையில் பிரேக் பிடிக்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. லிவரை வைத்தே எது என்று கண்டுபிடிக்கலாம்.

லிவர் கெட்டியா இருக்கு, ஆனா பைக் நிக்கலை என்றால், பேட் சூடாகி பிடிப்பை இழந்திருக்கிறது.

லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போய் ஹேண்டில் பாரைத் தொடுகிறது என்றால், சிக்கல் பெரும்பாலும் பிரேக் ஆயிலில். அது கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ்கள் உருவாகியிருக்கும். இதற்கு எவ்வளவு விலை கொடுத்து பேட் வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு இந்த வரம்பு 155 டிகிரிதான். அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். டேங்க் மூடியில் டாட் 4 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை. இரண்டையும் கலக்கவே கூடாது.

டிஸ்க்கையும் பாருங்க. குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று டிஸ்க் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்க்கும் மாற்ற வேண்டியதுதான்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* பேடின் தேயும் பகுதி 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், அதை நம்பி நீண்ட பயணம் கிளம்ப வேண்டாம்.
* பைக் பெயரை மட்டும் சொல்லாதீங்க, மாடல் ஆண்டையும் சொல்லுங்க. ஒரே பைக்கில் ஆண்டுக்கு ஆண்டு காலிபர் மாறியிருக்கலாம். முடிந்தால் பழைய பேடை கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள்.
* முன்னால் இரட்டை டிஸ்க் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே வகை பேடை ஒரே நேரத்தில் மாற்றணும்.
* பிரபல பிராண்டுகளில் டூப்ளிகேட் வர வாய்ப்புண்டு. பில் தரும் கடையில் வாங்குங்க.

மாற்றிய பிறகு... முதல் நிமிடம் முக்கியம்!

புது பேட் போடும்போது காலிபரில் உள்ள பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அதனால் முதல் சில அழுத்தங்களுக்கு பிரேக் பிடிக்கவே பிடிக்காது. வண்டியை நகர்த்தும் முன், லிவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். பின் பிரேக் பெடலையும் அப்படியே அழுத்திப் பாருங்கள்.

புது பேட் டிஸ்க்கோடு ஒத்துப்போக கொஞ்சம் காலம் ஆகும். காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து, முழுசா நிக்காமல் வேகத்தைக் குறைப்பதை 20, 30 முறை இடைவெளி விட்டு செய்யுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முடிந்தவரை திடீர் பிரேக்கைத் தவிர்க்கணும். அதனால் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு பேட் மாற்றாதீங்க. குறைந்தது ஒரு வாரம் முன்பே மாற்றிடுங்க.

இறக்கத்தில் எப்படி ஓட்டணும்?

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜினே பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்ளும். லேசாக பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவதைவிட, வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து விட்டுவிடுவது நல்லது. அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். பின் பிரேக் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

பிரேக் பிடிப்பு குறைவதாகத் தோன்றினால் உடனே ஓரம் கட்டி, 20 நிமிடமாவது ஆற விடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது வளைந்துவிடக்கூடும். லிவர் பஞ்சு போலவே இருந்தால், பைக் ஆறிய பிறகும் அதில் இறங்காமல் மெக்கானிக்கை வரவழைப்பதே பாதுகாப்பு.

ஹெல்மெட், ஜாக்கெட், ரைடிங் பூட்ஸ் என ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். இவை எல்லாம் விழுந்த பிறகு காப்பாற்றுபவை. விழாமல் காப்பாற்றுவது, உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த சின்ன பேட்தான். அடுத்த ரைடுக்கு பேக் கட்டுறதுக்கு முன்னாடி, டார்ச் அடிச்சு அதை ஒருதடவை பார்த்துடுங்க!